பதினெட்டாவது விதி

என் அக்கா சரசா பௌதிகம் படிப்பது என்று முடிவு செய்தது 1958 ஜூன் மாதத்தில். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த படிவத்தில் நைனா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதனால்தான் விஷயம் வெளியே வந்தது.

அப்போது நாங்கள் பூனாவில், விஷ்ராந்த்வாடியில் குடியிருந்தோம். ஆளந்தி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் நான்காவது வீடு. எங்கள் நைனா ஜம்புலிங்கம் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். உலகச் சண்டை தொடங்கிய வருஷம் பூனாவுக்கு வந்து ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அம்மா கன்னியம்மா அதற்கு மூன்று வருஷம் கழித்து வந்தாள். சரசாவும் நானும் இங்கேயே பிறந்தவர்கள். ஏழாவது வரைக்கும் மராத்தியிலும் அதற்கு மேல் ஆங்கிலத்திலும் படித்தோம். தமிழ் எங்களுக்கு வாயில் இருந்த அளவு கண்ணில் இல்லை.

கேம்ப் என்ற ராணுவக் குடியிருப்புப் பகுதியில் இருந்த எங்கள் பெண்கள் பள்ளியில் பதினோராம் வகுப்போடு படிப்பு முடியும். கடைசி இரண்டு வருஷத்துக்கு எதைப் படிப்பது என்று பத்தாவது தொடங்கும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பௌதிகமும் ரசாயனமும் ஒரு பிரிவு. உடலியலும் சுகாதாரமும், கூடவே சமையலும் தையலும், இன்னொரு பிரிவு. சரசா வகுப்பில் நாற்பத்தொரு பேர். முப்பத்துநான்கு பேர் சுகாதாரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நைனா வாசலில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சரசா படிவத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"இன்னா காயிதம்?"

"ஸ்கூல்ல குடுத்தாங்க நைனா. சப்ஜெக்டு எழுதி கையெழுத்து போடணும்."

"இன்னா சப்ஜெக்டு?"

"ஃபிஸிக்ஸ்."

"அப்டின்னா?"

"சூடு, வெளிச்சம், கரண்டு... அதெல்லாம் எப்டி நடக்குதுன்னு."

நைனா சங்கிலியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "லேப்பு உண்டா?"

"உண்டு."

"வாணாம்."

அவ்வளவுதான். மறுபடியும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

நைனாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் வேலை செய்தது மருந்து அடைக்கும் பகுதியில். அங்கே நாற்பத்துமூன்று விதிகள். திங்கட்கிழமை காலையில் மேற்பார்வையாளர் அவற்றை இந்தியில் வாசிப்பார், எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். சட்டையில் பாக்கெட் கிடையாது. செருப்பில் இரும்பு ஆணி கிடையாது. பீடி, தீப்பெட்டி, சாவி, எதுவும் வாயிற்கதவைத் தாண்டக் கூடாது. வாயிற்காவல் பார்க்கும் ஜமேதார் பையைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்கும் முன்னால் வாசலில் இருக்கும் செப்புத் தகட்டை உள்ளங்கையால் தொட வேண்டும். எங்கள் வீட்டிலும் தீப்பெட்டி மூடி போட்ட டப்பாவில், அம்மாவுக்கு மட்டும் எட்டுகிற இடத்தில் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் நைனாவின் பேரில் ஒரு குறிப்புகூட எழுதப்பட்டதில்லை.

சரசா சின்ன வயதில் அவரிடம் கேட்டிருக்கிறாள், செப்புத் தகட்டை ஏன் தொடணும் என்று. "ரூலு" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அதற்கு மேல் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் தாம்லே பாயி சீப்பைத் துணியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்துக் காட்டினார். எங்கள் பள்ளியில் ஆசிரியைகளை பாயி என்றுதான் கூப்பிடுவோம். உடம்பில் சேரும் மின்சாரம், அதை உலோகத்தின் வழியாக மண்ணுக்கு இறக்கிவிடுவது எல்லாம் அன்றைக்குச் சொன்னார். சரசா அன்று மாலை நடந்து வரும்போது என்னிடம், "நைனா கைல இருக்கறது பாதிதான். மீதி பாதி பாயிகிட்ட இருக்குது" என்றாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால் எனக்கு அது ஞாபகத்தில் தங்கிவிட்டது.

வாசலில் அவள் நகராமல் நிற்பதைப் பார்த்து நைனாவே பேசினார்.

"எங்க லேப்புல சின்னதுரைன்னு ஒர்த்தன். மெட்ரிக் படிச்சவன். இப்ப எடது கையிலதான் எழுதறான். வலது கைல எழுதறதுக்கு வெரல் இல்ல."

அம்மா உள்ளேயிருந்து, "பொட்டப் புள்ளைக்கி வெரல் போச்சுன்னா எவன் கட்டுவான்?" என்றாள்.

"அதத்தான சொல்லிக்கினு இருக்கறன்."

"நீ எங்க சொன்ன? வாணாம்னு ஒத்த வார்த்த சொன்ன. மிச்சத்த நாந்தான் சொன்னன்."

சரசா படிவத்தை இரண்டாக மடித்தாள். "லேப்புல ரூல் இருந்தா ஒத்துக்குவியா நைனா?" என்றாள்.

நைனா கையைத் துணியில் துடைத்தார். "இருக்குதா?"

"இருக்கும்."

"எழுதிக்கினு வா, பாக்கறன். தமிழ்ல எழுதிக்கினு வா. இந்தி எனக்கு காதோட சரி."

அவளால் தமிழில் அவ்வளவு எழுத முடியாது என்று தெரிந்துதான் சொன்னார் என்று நினைக்கிறேன். படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.

திங்கட்கிழமை சரசா தாம்லே பாயியிடம் போய் ஆய்வுக்கூட விதிகளைக் கேட்டாள். பாயி சிரித்தார். அப்படி ஒன்று எழுதி வைத்ததே இல்லை. "நான் சொல்வதைக் கேட்டால் போதும், அதுதான் விதி" என்றார் மராத்தியில். சரசா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். விளக்கை எப்படி ஏற்றுவது, எப்படி அணைப்பது, அமிலம் கையில் பட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மணி அடித்த பிறகும் கேட்டாள். பதினேழு விதிகள் தேறின.

அவற்றைத் தமிழாக்க நூர்ஜஹான் உதவினாள். பௌதிகம் எடுக்க நினைத்த ஏழு பேரில் அவளும் ஒருத்தி. அவள் வாப்பா யூசுஃப், கீழக்கரைக்காரர், கேம்ப்பில் லுங்கிக் கடை வைத்திருந்தார். ஊருக்குப் போகிற கடிதமெல்லாம் நூர்ஜஹான் கையெழுத்துத்தான். அதனால் அவளுக்குத் தமிழ் சரளம்.

"ஏ புள்ள, பதினேழா?" என்றாள். "எங்க வாப்பா கண்ணுல இது படக் கூடாது. இவ்வளவு ஆபத்து இருக்கான்னு கேட்டு எனக்கும் கையெழுத்துப் போட மாட்டாக."

"நீ சொல்லு, நான் எழுதறேன்."

"நானே எழுதிடுறேனே, அஞ்சு நிமிசம்."

"இல்ல. என் கையெழுத்துல இருக்கணும்."

மூன்று மத்தியான இடைவேளை அதற்குப் போயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் நைனா குளித்துவிட்டு வந்து காகிதத்தை வாங்கினார். ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்துப் படித்தார். "எரியற வெளக்கு மேல குனியக் கூடாதுன்னு போட்டுருக்கறியே, தலமுடி?" என்றார். "பின்னிக் கட்டணும்னு எட்டாவதுல இருக்குது நைனா." "ம்." பதினேழும் முடிந்ததும் பென்சிலை வாங்கித் தாமாகக் கீழே ஒன்று எழுதினார். தொழிற்சாலையில் கடைசி விதி அதுவாம்.

"18. தப்பு செய்கிறவர் மூன்று மாதம் எதையும் தொடக் கூடாது. அதன் பிறகு பரிட்சை வைத்து, தேறினால் உள்ளே விடலாம்."

அதன் கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார். சரசாவைக் கையெழுத்திடச் சொன்னார். போதாதென்று அம்மாவிடம் அடுப்புக்கரி கேட்டு, சரசாவின் பெருவிரலில் தடவி ஒரு ரேகையும் வாங்கினார். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடப் படிவத்தைத் தொட்டார்.

அதிலிருந்து திங்கட்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு நைனா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க, சரசா பதினெட்டையும் ஒப்பிக்க வேண்டும். பக்கத்து வீட்டு சாவந்த் மாமி இது என்ன ஸ்தோத்திரம் என்று என்னிடம் ஒரு தடவை கேட்டார்.

ஜூலையும் ஆகஸ்டில் பாதியும் நன்றாகவே போயின. நீளம் அளந்தாள், எடை பார்த்தாள், தண்ணீரில் கல்லை முக்கி அது எவ்வளவு எடை குறைகிறது என்று எழுதினாள். ஐந்து சோதனைகள் முடிந்தன. எந்தக் கண்ணாடியும் உடையவில்லை. ஆறாவதாகப் பித்தளைக் கம்பியைச் சூடாக்கி எவ்வளவு நீள்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த வாரம் மழை விடவே இல்லை. அலமாரியில் வைத்த தீக்குச்சிகள் நமத்துப்போய் ஒன்றும் பற்றவில்லை. தாம்லே பாயி ஒரு புதுத் தீப்பெட்டியைக் கொடுத்து, "நாளைக்கு மறுபடி பார்க்கலாம், இதை ஈரமில்லாமல் வை" என்றார்.

சரசா அதை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பையின் அடியில் வைத்தாள். ஈரமில்லாமல் வைப்பதற்கு அதைவிட நல்ல இடம் அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் கொண்டுபோயிருந்தது அவளுடைய பை இல்லை. அவளுடையது நனைந்து கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நைனாவிடம் ஒரே மாதிரி இரண்டு காக்கிப் பைகள் இருந்தன. அதில் ஒன்றை எடுத்துப் போயிருந்தாள். வீட்டுக்கு வந்து புத்தகங்களை எடுத்துவிட்டு, அடியில் இருந்த பொட்டலத்தை மறந்து, பையை ஆணியில் மாட்டினாள். மறுநாள் காலையில் அம்மா அந்தப் பையில் நைனாவின் சாப்பாட்டு டப்பாவை வைத்துக் கொடுத்தாள்.

எட்டரை மணிக்கு நைனா திரும்பி வந்தார். நான் காய்ச்சலில் பள்ளிக்குப் போகாமல் படுத்திருந்தேன். அந்த நேரத்தில் அவரை வேலை நாளில் வீட்டில் பார்த்ததே இல்லை. சைக்கிளை நிறுத்தினார், செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

அம்மா, "இன்னா ஆச்சு? சொல்லேன்" என்றாள்.

"பையில தீப்பெட்டி இருந்துச்சு."

"யாரு பையில?"

"என் பையில. ஜமேதார் கவுத்தான், வுழுந்துச்சு." பையைத் தள்ளி வைத்து, "'ஜம்பு பாய், இது உன்னுதா?'ன்னான். பையி என்னுதுன்னு சொன்னேன்" என்றார்.

சாயங்காலம் சரசா உள்ளே நுழைந்ததும் அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். சரசா பையைப் பார்த்தாள். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் வெச்சேன் நைனா."

"தெரியும்."

"நான் வந்து ஆபீசர்கிட்ட சொல்றேன். இங்கிலீஷ்ல சொல்றேன். என்னுதுன்னு சொல்றேன்."

"இன்னாத்துக்கு? யாரு கைல பையி இருந்துச்சோ அவன் தப்பு. நாப்பத்திமூணு ரூல்ல அதுவும் ஒண்ணு."

சனிக்கிழமை உத்தரவு வந்தது. மூன்று மாதம் மருந்துக் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. கிடங்குகளைச் சுற்றி வளரும் புல்லை வெட்டும் கூட்டத்தில் சேர வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் புல் இடுப்பு உயரம் வளரும். பத்தொன்பது வருஷம் வேலை செய்தவர், நேற்றுச் சேர்ந்த பையன்களோடு அரிவாளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சரசாவைப் பார்த்து இதை மட்டும் சொன்னார்:

"திங்கக்கெழம போயி மாத்திக்கோ. இன்னொரு படிப்பு இருக்குதே, அதுக்கு."

அம்மா, "ஆகஸ்டு முடியற வரைக்கும் மாத்தலாமாம். சாவந்தம்மா பொண்ணு சொல்லிச்சு" என்றாள்.

சரசா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனாள். பெட்டியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்து, நைனாவின் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"பதினெட்டாவது படி நைனா."

"எனக்குத் தெரியும் இன்னா எழுதிக்கிதுன்னு."

"தப்பு பண்ணவங்க மூணு மாசம் தொடக் கூடாதுன்னு எழுதிருக்குது. வுட்டுட்டுப் போகணும்னு எழுதல."

"அது ஃபேக்டரிக்கு."

"இது லேப்புக்குன்னு நீதான எழுதின? உன் கையெழுத்து இருக்குது. ஃபேக்டரில உன்ன தொரத்திட்டாங்களா? மூணு மாசம் கழிச்சி உள்ள வுடுவாங்க. என்னையும் அப்டியே வுடு."

"திமிரு" என்றாள் அம்மா. "அந்த மனுசன புல்லு வெட்ட வெச்சிட்டு, எதிர்ல நின்னு ரூல் பேசறா பாரு."

சரசாவின் குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. "அதுக்குத்தாம்மா கேக்கறேன். தண்டன வேணும். முழுசா வேணும். ஆனா ரூல்ல இருக்கற தண்டன."

நைனா காகிதத்தைக் கையில் எடுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே குனிந்து படித்தார். கரி ரேகை கொஞ்சம் அழிந்திருந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தார். சோறு ஆறிப்போயிற்று.

"ஒரு சாமான தொடக் கூடாது" என்றார் கடைசியில். "பாயி சொன்னாலும் தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

"பரிட்ச நான்தான் வெப்பன்."

"சரி."

தாம்லே பாயிக்கு இது பிடிக்கவே இல்லை. கோபத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இருபது சோதனைகளைத் தன் கையால் செய்து, குறிப்பேட்டில் எழுதி, மார்ச் கடைசிக்குள் கையெழுத்து வாங்காதவர்கள் பதினோராம் வகுப்பில் பௌதிகம் தொடர முடியாது. அது பள்ளிக்கூடத்து விதி. "உன் அப்பாவிடம் சொல். இல்லை, நானே வந்து சொல்கிறேன்" என்றார். சரசா, "வேண்டாம் பாயி. மூன்று மாதம். நவம்பர் கடைசியில் வந்துவிடுவேன்" என்றாள். "மீதி பதினைந்து சோதனையை எப்போது செய்வாய்?" "செய்துவிடுவேன்." பாயி, "செய்துவிடுவாளாம்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்தில் சரசா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஜோடி நூர்ஜஹான்.

"நல்லதாப் போச்சு" என்றாள் நூர்ஜஹான். "இனி நீ கண்ணு, நான் கையி. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு."

"கண்ண நேரா வெச்சுப் பாரு. சாய்ஞ்சு பாக்கறே. ரெண்டு கோடு அதிகமா வரும்."

"அட, கையக் கட்டினா வாயி இவ்வளவு நீளுமா ஒனக்கு?"

நூர்ஜஹானுக்குப் பொறுமை கிடையாது. தராசு ஆடி நிற்பதற்குள் எடையை எழுதிவிடுவாள். சரசா நிற்கட்டும் நிற்கட்டும் என்பாள். ஒரே சோதனையை மூன்று தடவை செய்ய வைப்பாள். "எங்க வாப்பா கடையில துணி அளக்குறதே இத விட வேகம்" என்று திட்டிக்கொண்டே நூர்ஜஹான் செய்வாள். வீட்டுக்கு வந்த பிறகு சரசா அன்று பார்த்ததையெல்லாம் ஒரு தனி நோட்டில் எழுதினாள். எந்தத் திருகை முதலில் தளர்த்துவது, எத்தனை நேரம் காத்திருப்பது, எங்கே தப்பு நடக்கும் என்று எழுதினாள். குறிப்பேட்டில் அதற்கு மதிப்பு இல்லை.

அக்டோபரில் ஒரு நாள் நூர்ஜஹான் தண்ணீர் எடுக்கக் குழாய்ப் பக்கம் போயிருந்தாள். மேசையில் கிடந்த வெப்பமானி உருள ஆரம்பித்தது. மெதுவாகத்தான் உருண்டது. சரசா அதற்கு நேர் எதிரில் நின்றிருந்தாள். கை முன்னால் வந்தது, பாதியில் நின்றுவிட்டது. வெப்பமானி விளிம்பைத் தாண்டிக் கல் தரையில் விழுந்து நொறுங்கியது. பாதரசம் மணி மணியாக ஓடிற்று.

பாயி ஓடி வந்தார். "பக்கத்திலேயே நின்றாயே, பிடிக்க என்ன கேடு உனக்கு?"

அன்று சாயங்காலம் நைனா புல் கீறிய கைகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது சரசா அவரிடம் இதைச் சொன்னாள். குறை சொல்வது போல இல்லாமல், நடந்ததை நடந்தபடி.

"தொடவே இல்லியா நீ?"

"இல்ல."

நைனா எண்ணெயைத் தள்ளி வைத்தார். பிறகு, "எங்க ரூம்ல ஏதாவது கீழ வுழுந்தா யாரு கிட்ட நிக்கறானோ அவன் புடிப்பான். தண்டன வாங்கினவனா இருந்தாலும் புடிப்பான். புடிக்காட்டி அத்தன பேரும் போய்டுவோம்" என்றார்.

"ரூல்ல இல்லியே."

"ரூல்ல இல்ல" என்று ஒத்துக்கொண்டார். "அந்தக் காயிதத்த எடு."

பத்தொன்பதாவதாக ஒன்று எழுதினார்: "கீழே விழுவதை யாரும் பிடிக்கலாம்." அதை ஒரு முறை படித்துப் பார்த்தவர், "ஆமா, அது ஏன் உருண்டுச்சு?" என்று கேட்டார்.

நைனா 'ஏன்' என்று கேட்பதை நான் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. சரசா பென்சிலை எடுத்து ஒரு பலகையில் வைத்தாள். பலகையின் ஒரு முனையைக் காகிதக் கனத்துக்குத் தூக்கினாள். பென்சில் உருண்டது. பள்ளிக்கூடத்துத் தரை சமமில்லை, மேசை தெற்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத சாய்வுகூட உருண்டையான பொருளுக்குப் போதும் என்றாள். நைனா பென்சிலைத் திருப்பி வைத்துத் தாமே ஒரு தடவை பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

"எங்க மேசையில சுத்தி ஒரு வெரல் ஒசரத்துக்கு கட்ட அடிச்சிருக்கும். அழகுக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு தேக்குச் சட்டங்களை இழைத்து, பித்தளை ஆணிகளோடு ஒரு துணியில் கட்டிக் கொடுத்தார். "இரும்பு ஆணி அடிச்சிடப் போறாங்க, சொல்லு." தாம்லே பாயி அந்த ஆணிகளைக் கையில் உருட்டிப் பார்த்து, "இது பள்ளிக்கூடம் என்று உன் அப்பாவுக்குத் தெரியுமா?" என்றார். ஆனாலும் பித்தளை ஆணியைத்தான் அடிக்கச் சொன்னார். சட்டம் அடித்து முடிந்ததும் மேசை விளிம்பில் ஒரு பென்சிலை உருட்டிப் பார்த்தார். சரசா பக்கம் திரும்பாமலே, "டிசம்பரிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் நான் இருப்பேன். அதற்கு மேல் முடியாது" என்றார்.

நவம்பர் இருபத்திரண்டாம் தேதி நைனா தொழிற்சாலைப் பரீட்சையில் தேறினார். மறுநாள் ஞாயிறு, சரசாவின் முறை. நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சரசாவை நிற்க வைத்தார். வரிசையாகக் கேட்கவில்லை, மாற்றி மாற்றிக் கேட்டார்.

"பதினொண்ணு."

"அமிலத்துல தண்ணி ஊத்துனா சட்டுனு சூடேறி மேல தெறிக்கும்..."

"காரணம் கேக்கல. ரூல் கேட்டேன்."

சரசா நின்றாள். காரணம் முழுசாக இருந்தது, விதியின் வாசகம் வரவில்லை. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? ஆனால் எழுதியபடி சொல்ல வரவில்லை.

"ஃபெயிலு" என்றார் நைனா. "அடுத்த ஞாயித்துக்கெழம."

அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "ஒண்ணுதான வுட்டா! உனக்கு யாரு இப்டி வெச்சாங்க?"

"எனக்கும் இப்டித்தான் வெச்சாங்க. நான் வுடல."

நான் சரசா அழுவாள் என்று நினைத்தேன். "சரி நைனா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அந்த வாரம் முழுவதும் அரிசி களையும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா பத்தொன்பதையும் இரண்டு சுற்றுக் கேட்டார். முடிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து, "நாளிக்கி உள்ள போலாம்" என்றார்.

பதினைந்து சோதனைகள், பதினேழு சனிக்கிழமைகள். ஒரு வாரம் நூர்ஜஹான் வீட்டுக் கல்யாணத்துக்கு வரச் சொன்னாள், போகவில்லை. ஒரு வாரம் சரசாவுக்கே காய்ச்சல்; போனாள், ஆனால் பாயி நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் வராந்தாவில் உட்கார்ந்து காத்திருப்பேன். மூன்று மாதம் பார்த்துப் பார்த்து எழுதிய நோட்டு அவளுக்கு அப்போது உதவியது. மற்றவர்கள் ஒரு மணி நேரம் எடுத்ததை அவள் முப்பது நிமிஷத்தில் முடித்தாள். சில நாள் இரண்டு சோதனைகள் முடிந்தன. பிப்ரவரியில் தராசின் தட்டு உடைந்து இரண்டு வாரம் வீணாயிற்று.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி இருபதாவது மட்டும் மீதி இருந்தது. ஆகஸ்டில் ஆறாவதாக நின்றுபோன அந்தப் பித்தளைக் கம்பிதான். முதல் தடவை செய்தபோது விடை புத்தகத்தில் இருப்பதைவிட எட்டத்தில் இருந்தது. ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. தாம்லே பாயி குடையை எடுத்துக்கொண்டு, "புத்தகத்தில் உள்ளதற்குப் பக்கமாக ஒன்றை எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எல்லோரும் செய்வதுதான்" என்றார்.

"இன்னொரு தடவை பார்க்கிறேன் பாயி."

"என் பஸ் போய்விடும்."

"நீங்கள் போங்கள். சாவியைப் பியூனிடம் கொடுத்துவிடுகிறேன்."

பாயி போகவில்லை. விளக்கு எரியும் அறையில் ஒரு பெண்ணைத் தனியாக விட்டுப் போக அவரால் முடியாது. அது நான்காவது விதி, அவரே சொன்னது. ஸ்டூலில் உட்கார்ந்தார். சரசா கம்பியை ஆறவிட்டு, மறுபடி முதலிலிருந்து அளந்தாள். நீராவி வரும் குழாயின் ஒரு முனை ஒழுகுவதைக் கண்டுபிடித்துத் துணி சுற்றினாள். காத்திருந்தாள். இரண்டாவது விடை பக்கத்தில் வந்தது, சரியாக இல்லை. அதை அப்படியே எழுதினாள். முதல் விடையையும் அடிக்காமல், ஏன் தப்பு என்று அதற்குக் கீழே இரண்டு வரி எழுதினாள்.

தாம்லே பாயி குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். இருபது என்று எண்ணினார். கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

சரசா அதை வாங்கி மை காயும் வரைக்கும் திறந்தே வைத்திருந்தாள். பிறகு, "பதினோராம் வகுப்பு சோதனைப் பட்டியல் எப்போது கிடைக்கும்?" என்று கேட்டாள்.

"ஜூனில். முதலில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

சரசா நகரவில்லை. பாயி குடையை மேசைமேல் வைத்து, பட்டியல்கள் இருந்த இழுப்பறையைத் திறந்தார்.